ஜராஃபாவுக்கு ஏழு முழம்

1894 ஜனவரி 19, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சோற்றில் கை வைக்கும்போதே அரண்மனையிலிருந்து ஆள் வந்துவிட்டான். ஏடனிலிருந்து கடிதமாம். என் மனைவி ஜெய்னம்பு மீன் ஆணத்தை ஊற்றிய கரண்டியோடு நின்றாள். நான் எழுந்து கை கழுவினேன். மகாராஜா காத்திருக்கும்போது முன்ஷி சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது.

மகாராஜாவின் மைத்துனர் ஜமீனில் போன வருஷம் வரிக்குதிரை வாங்கிக் கட்டினார்கள். அன்றிலிருந்து எங்கள் வேலங்குறிச்சி அரண்மனையில் நிம்மதி இல்லை. சித்திரையில் மகாராஜாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. அதற்குள் இந்தச் சீமையில் யாரும் கண்டிராத விலங்கு ஒன்று வாசலில் நிற்க வேண்டும் என்று கொழும்பிலுள்ள நண்பர் மூலம் ஏடன் வியாபாரி ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார். அந்த வியாபாரி அரபியில் மட்டும்தான் எழுதுவார். அதைப் படித்துச் சொல்லத்தான் நான்.

கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிஸ்மி சொல்லி, நிறுத்தி நிதானமாக ஓதினேன். என் குரலைப் பற்றி நானே எழுதக் கூடாது. ஆனால் கச்சேரி குமாஸ்தாக்களின் பேனா ஓடும் சத்தம்கூட நின்றுவிட்டது. மகாராஜா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "சரி முன்ஷி, என்ன எழுதியிருக்கான்?" என்றார்.

இங்கே ஒன்றை எழுதி வைக்கிறேன். இரண்டு மாதம் முன்பு தர்கா சந்தனக்கூட்டில் நான் குர்ஆன் ஓதியதைக் கேட்டு மகாராஜா, "உமக்கு அரபி தெரியுமா?" என்றார். ஓதத் தெரியுமா என்று கேட்பதாகத்தான் எடுத்துக்கொண்டேன். தெரியும் என்றேன். ஏழு வயதிலிருந்து ஓதுகிறேன். பதினாறு வருஷம் கீழக்கரையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவன். எங்கள் ஊரில் ஓதத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நூறு பேர். ஓதுவதற்குப் பொருள் சொல்லத் தெரிந்தவர் ஓர் ஆலிம்தான், அவரையும் யாரும் போய்த் தொந்தரவு செய்வதில்லை. இதில் என் பொய் எங்கே இருக்கிறது?

கடிதத்தில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று இருந்தது: ஜமல், ஒட்டகம். பக்கத்திலேயே தெரியாத சொல் ஒன்று நாலு இடத்தில் வந்தது: ஜராஃபா.

"ஜராஃபா என்று ஒரு விலங்கு அனுப்புகிறார் மகாராஜா. ஒட்டக வகை" என்றேன்.

"ஒட்டகம் நம்மகிட்டயே இருக்கே."

"இது உயர்ந்த வகை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. வீட்டுக்கு வந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது, எனக்கும் பசி இல்லை.

ஜனவரி 21, ஞாயிறு

குர்ஆனின் முப்பது பாகத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். யானை வருகிறது, எறும்பு வருகிறது, தேனீ வருகிறது, ஜராஃபா எங்கும் வரவில்லை.

ஜனவரி 27, சனி

மானேஜர் ஆவுடையப்ப பிள்ளை திருநெல்வேலிக்காரர். எதையும் இரண்டு முறை கேட்பார், மூன்றாம் முறை காகிதத்தில் எழுதிக்கொள்வார். கொட்டகை கட்டக் கொத்தனாரைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"ஓய் முன்ஷி, உம்ம மிருகத்துக்கு உயரம் எம்புட்டு இருக்கும்?"

கடிதத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன். எங்கள் ஒட்டகத்தை மனதில் நிறுத்தி, அதன் தலைக்கு மேல் ஒரு முழம் கூட்டி, "ஏழு முழம் போதும்" என்றேன்.

"கடுதாசில ஏழு முழம்னு எழுதியிருக்கா?"

"அவர்கள் கணக்கு வேறு. நான் மாற்றிச் சொல்கிறேன்."

ஏழு முழம் என்று எழுதிக்கொண்டார். அவர் எழுதுகோலின் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. சாயந்திரம் சோறு வேண்டாம் என்றேன். ஜெய்னம்பு ஓமம் வறுத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கீழக்கரையில் சின்னம்மா மகன் கல்யாணம். மூன்று நாள் விடுப்பில் வந்திருக்கிறேன். பிரியாணியைவிட எனக்கு முக்கியமானது காதர் காக்காவைப் பார்ப்பது. அவர் சான்சிபார் வரை கப்பலில் போய் வந்தவர். ஆனால் தனியாக அகப்படவில்லை. பந்தலில் எப்போதும் பத்துப் பேர் நடுவில் இருந்தார். அவர்களில் நாலு பேர் என்னிடம் ஓதியவர்கள்.

நைசாகப் பேச்சைத் திருப்பினேன். "அங்கெல்லாம் ஜராஃபா உண்டாமே காக்கா?"

"ஆமா தம்பி, தொலைவுல ஓடும்போது பாத்திருக்கேன். ஒடம்பெல்லாம் புள்ளி. சிறுத்த மாதிரி" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "அரமன முன்ஷி, ஒனக்குத் தெரியாததா?" என்றார். பத்துப் பேரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது? தெரியும் என்று தலையாட்டிவிட்டு ஜர்தா இனிப்புச் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

சிறுத்தைப் புள்ளி. அப்படியானால் பல் இருக்கும்.

பிப்ரவரி 9, வெள்ளி

மானேஜரிடம் மெதுவாகச் சொன்னேன்: வரும் விலங்கு கொஞ்சம் முரடு, கடிக்கவும் கூடும், வாய்க்கூடு ஒன்று பின்னி வைப்பது நல்லது. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒட்டகம்னீரு. இப்போ கடிக்கும்ங்கீரு."

"ஒட்டகமும் கடிக்கத்தானே செய்யும்."

அதையும் எழுதிக்கொண்டார். லாயத்துக்குப் பொறுப்பான மூக்கையா, மாட்டுக்குப் போடுவதைவிடப் பெரிதாகக் கயிற்றில் வாய்க்கூடு பின்னத் தொடங்கிவிட்டான். நல்ல வேலைக்காரன். நான் சொல்வதை அப்படியே நம்புகிறான்.

பிப்ரவரி 14, புதன்

இரண்டாவது கடிதம் வந்தது, நாலு பக்கம்.

குர்ஆன் எழுத்தில் மேலும் கீழும் உயிர்க்குறி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வாய் தானாக ஓடும். வியாபாரிகள் எழுதும் கடிதத்தில் அந்தக் குறி ஒன்றும் இருப்பதில்லை, வெறும் எலும்புதான். எங்கே 'அ', எங்கே 'இ' என்று நானே ஊகித்து ஓத வேண்டும். ஊகித்தேன், ஓதினேன். ஜராஃபா பதினொரு இடத்தில் வந்தது.

"பராமரிப்பு முறை போலருக்கு. வரிவரியாச் சொல்லும், எழுதிக்கிடுதேன்" என்றார் மானேஜர்.

மகாராஜாவும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்ய முடியும்? எந்த விலங்குக்கும் கெடுதல் செய்யாததாகப் பார்த்துச் சொன்னேன். காலையில் ஊறவைத்த கொள்ளு, மாலையில் அரைத்த பருத்திக்கொட்டை, இடையில் வைக்கோல். தண்ணீர் தரையில் தொட்டி வைத்து. கழுத்தைத் தாழக் கட்ட வேண்டும். வாரம் ஒருமுறை கல்லுப்பு. நாலு பக்கத்துக்கு இது குறைவாகத் தெரிந்ததால் தினமும் உடம்பைத் தேய்த்துவிட வேண்டும் என்றும் சேர்த்தேன்.

மானேஜர் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அசன் பிச்சை, அரபி முன்ஷி என்று போட்டேன். எழுத்து கோணலாக வந்தது.

பிப்ரவரி 15, வியாழன்

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அஸர் தொழுகைக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓதினேன். ஓதினால் எங்காவது ஒரு சொல் பிடிபடாதா என்ற ஆசைதான். ஐந்தாம் முறை நிமிர்ந்தபோது ஜெய்னம்பு அடுப்படி வாசலில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, கை கட்டி நின்றிருந்தாள்.

"இது குர்ஆன்ல எந்த சூரா மச்சான்? புதுசா இருக்கே. கேக்கக் கேக்கக் கண்ணு கலங்குது."

அரண்மனைக் கடிதம் என்றேன். அவள் உள்ளே போய் அரிசி புடைக்கத் தொடங்கினாள். முறத்தின் சத்தம் வெகு நேரம் கேட்டது.

பிப்ரவரி 19, திங்கள்

நாலு பக்கமும் மனப்பாடமாகிவிட்டது. என்ன பயன்?

பிப்ரவரி 26, திங்கள்

தந்தி வந்தது. கப்பல் கொழும்பு வந்துவிட்டது. ஜெய்னம்பு ரமலானுக்கு மாவு இடித்து வைக்கிறாள். நோன்புக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னாள். எனக்குத் தெரியாதா?

மார்ச் 4, ஞாயிறு, தூத்துக்குடி

சுருக்கமாக எழுதுகிறேன்.

படகிலிருந்து பாரம் தூக்கியில் அதை ஏற்றி இறக்கினார்கள். முதலில் கால்கள் வந்தன. பிறகு உடம்பு. பிறகு கழுத்து. கழுத்து வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எட்டு முழத்துக்கு மேலேயே இருக்கும். இதுவே குட்டிதானாம், இன்னும் வளருமாம். கரையில் கூட்டம் ஓவென்று பின்வாங்கியது. அதன் கண்ணைப் பார்த்தேன். இமைமயிர் நீளமாக, பெண்பிள்ளைக் கண் போல இருந்தது. கடிக்கிற கண் அல்ல.

மானேஜர் என் பக்கம் திரும்பாமலே, "ஜிராப்புல்லா இது. இங்கிலீஷ் புஸ்தகத்துல படம் பாத்திருக்கேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஏழு முழம்" என்றார்.

கப்பல் ஏஜெண்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். மானேஜர் படித்துச் சொன்னார்: ஏடனிலிருந்து கூட வந்த பராமரிப்பாளன் காய்ச்சலில் படுத்து, கொழும்பு ஆஸ்பத்திரியில் விடப்பட்டான். அவனுக்குப் பதில் சாலிம் என்ற ஏடன் மாலுமியை ஒரு நாளைக்கு முன் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த விலங்கையும் இதற்கு முன் பார்த்ததில்லை. பராமரிப்பு முறை எல்லாம் விவரமாக அரபிக் கடிதத்தில் இருக்கிறது.

"அது நம்மகிட்ட இருக்கே" என்றார் மானேஜர்.

விலங்கோடு மூன்று சாக்குகள் இறங்கின. அவிழ்த்துப் பார்த்தால் காய்ந்த இலையும் முள்ளும். இது என்ன என்று மூக்கையா என்னைக் கேட்டான். சாலிமைப் பார்த்தேன், அவன் தோளைக் குலுக்கினான். கப்பலில் சாமான் உடையாமல் இருக்கப் போட்டு அடைத்த குப்பையாக இருக்கும், கடலில் கொட்டிவிடு என்றேன். வாய்க்கூட்டைப் போட்டுக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம்.

மார்ச் 5, திங்கள்

வந்து சேர்ந்தோம். ஊரே வழியில் நின்றது. மகாராஜா மேல்மாடத்திலிருந்து பார்த்து, இறங்கி ஓடி வந்தார். அறுபது வயதில் அவர் ஓடி இன்றுதான் பார்க்கிறேன். "வரிக்குதிரையாம் வரிக்குதிரை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கொட்டகையில் அது நுழையவில்லை. இழுத்தார்கள், நெற்றி உத்திரத்தில் மோதி ரத்தம் வந்தது. பிறகு வெளிமுற்றத்தில் நிறுத்தி, என் காகிதத்தில் உள்ளபடி கழுத்தைத் தாழக் கட்டினார்கள். முற்றத்தில் புல்பூண்டு கிடையாது, கருங்கல் தளம்.

மகாராஜா, "முன்ஷி, அந்த ஆளுகிட்ட அரபில நாலு வார்த்தை பேசும், கேப்போம்" என்றார். எல்லாரும் வட்டமாக நின்றார்கள். நான் ஸலாம் சொன்னேன். சாலிம் முகம் மலர்ந்து பதில் ஸலாம் சொன்னான். பிறகு கடகடவென்று பேசத் தொடங்கினான். இரண்டு நாளாக ஒருவரிடமும் பேச முடியாமல் கிடந்தவன், என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினான். நான் தலையாட்டினேன். மறுபடி ஸலாம் சொன்னேன். அவன் நிறுத்தினான். என்னை உற்றுப் பார்த்தான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னான். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

"என்ன சொல்லுதான்?" என்றார் மானேஜர்.

"இவன் பேசுவது கிதாபு அரபி அல்ல. ஏதோ மலைப்பாஷை. படிக்காத ஆள்" என்றேன்.

சாலிம் என் கையை விட்டுவிட்டான்.

மார்ச் 6, செவ்வாய்

கொள்ளைத் தொடவில்லை. பருத்திக்கொட்டையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வைக்கோலைக் கொஞ்சம் சப்பித் துப்பியது. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் முன்னங்காலை அகட்டி அகட்டிப் பார்த்து, வழுக்கி, விழப் போனது.

"முன்ஷியய்யா, கடுதாசில வேற எதுவும் சொல்லலியா?" என்று மூக்கையா கேட்டான். புது இடம், இரண்டு நாளில் சரியாகும் என்றேன். சரியாகும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

மார்ச் 7, புதன்

காலையில் சாலிம் கழுத்துக் கயிற்றை அறுக்கப் போனான். அரண்மனைக் காவலர்கள் அவனைப் பிடித்துக் கத்தியைப் பிடுங்கி, வண்டிக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்கள். என்னைப் பார்த்து ஏதோ கத்தினான். அவன் ஏன் கோபப்படுகிறான் என்று மகாராஜா கேட்டார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நல்ல சந்தர்ப்பம் அது. "ஊருக்குப் போக வேண்டுமாம்" என்றேன்.

விலங்கு நடுக்கத்தோடு நிற்கிறது. விலா தெரியத் தொடங்கிவிட்டது. சத்தமே போடுவதில்லை. மாடு என்றால் கத்தும், ஆடு என்றால் கத்தும், ஊருக்கே தெரியும். இது பேசாமல் நின்று என்னைப் பார்க்கிறது. செத்துப்போனால் என் பெயர் போகும், வேலை போகும் என்று நேற்றுவரை பயந்தேன். இன்று அது செத்துப்போகுமே என்று பயமாக இருக்கிறது.

சாயந்திரம் ஜெய்னம்பு கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"அந்தக் கடுதாசில என்ன எழுதியிருக்கு மச்சான்?"

"அது அரண்மனை விஷயம்."

"ஒங்களுக்குத் தெரியாது."

நான் நிமிர்ந்தேன்.

"இந்த நோட்டுல நீங்க தமிழ அரபு எழுத்துலதான் எழுதுறீங்க. அரமனையில யாரும் படிக்க முடியாதுன்னு. நானும் ஓதினவதானே? எங்கூடப் பொறந்த லாத்தா எனக்கு இந்த எழுத்துலதான் கடுதாசி போடுது." கஞ்சிக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "மாவு இடிச்ச அன்னைக்கே படிச்சேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நாளைக்குப் பிறை தெரிஞ்சா நோம்பு. ஒரு வாயில்லாச் சீவனப் பட்டினி போட்டுட்டு நாம நோம்பு பிடிக்கப் போறமா?"

கோபப்பட்டேன் என்று எழுதலாம். படவில்லை. நாலு மாதமாக இந்த வீட்டில் நான் தனியாக இருந்தது போலவும், இன்றுதான் இவள் வந்து சேர்ந்தது போலவும் இருந்தது. அழுதேன். கஞ்சி முழுவதையும் குடித்தேன்.

மார்ச் 8, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

ளுஹர் தொழுதுவிட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். விலங்கு முன்னங்காலை மடித்துப் படுத்துவிட்டது. மகாராஜா நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். மாட்டு வைத்தியர் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துப் போய்விட்டாராம். மானேஜர் கையில் என் காகிதம். அதில் உள்ள ஒவ்வொன்றையும் செய்தாகிவிட்டது என்று மகாராஜாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

வழி நெடுக நான் யோசித்தது இதுதான்: எனக்கு வாசிக்கத் தெரியும், பொருள் தெரியாது. சாலிமுக்குப் பொருள் தெரியும், வாசிக்கத் தெரியாது. நாலு நாளாக இருவரும் ஒரே முற்றத்தில் இருக்கிறோம்.

"மகாராஜா, அந்த மாலுமியைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவன் முன்னால் இந்தக் கடிதத்தை ஓத எனக்கு உத்தரவு கொடுங்கள்."

"அன்னைக்கே ஓதியாச்சேவே" என்றார் மானேஜர்.

"அப்போது கேட்டவர் யாருக்கும் புரியவில்லை. எனக்கும் சேர்த்து."

மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார். மகாராஜா கையை அசைத்தார், சாலிமைக் கூட்டிவந்தார்கள். அவன் என்னைப் பார்க்க மறுத்து, சுவரைப் பார்த்து நின்றான். நான் தரையில் உட்கார்ந்து பிஸ்மி சொன்னேன். பழக்கத்தில் ராகம் வந்துவிட்டது. நிறுத்தி, ராகமில்லாமல், செய்தி சொல்பவனைப் போல ஓதினேன்.

இரண்டாம் வரியில் ஜராஃபா வந்தது. சாலிமின் தலை திரும்பியது. மூன்றாம் வரியில் என் முன்னால் வந்து குந்தினான். நாலாம் வரியில் கையைக் காட்டி நிறுத்தினான். நான் ஒரு சொல்லை 'இ' போட்டு ஓதியிருந்தேன். அதையே 'அ' போட்டுச் சொல்லிக் காட்டி, என்னையும் சொல்லச் சொன்னான். பிள்ளைகளுக்கு நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேனோ அப்படி. திருத்தி மறுபடி ஓதினேன். அந்த வரி முடிந்ததும் அவன் எழுந்து ஓடினான்.

காவலர்கள் பிடிக்கப் போனார்கள். "விடுங்கலே" என்றார் மகாராஜா.

மதிலுக்கு வெளியே குடைவேல மரங்கள் நிற்கின்றன. ஊருக்கே அதனால்தான் பெயர். ஆடு மேய்ப்பவர்கள் தழை ஒடிக்கும் தொரட்டியைச் சாலிம் மூக்கையாவின் கையிலிருந்து பிடுங்கி, முள்ளோடு ஒரு பெரிய கிளையை இழுத்து ஒடித்துக்கொண்டு வந்தான். விலங்கின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான். வாய்க்கூட்டைக் கழற்றி எறிந்தான். கிளையைத் தொரட்டியில் மாட்டி, தன் தலைக்கு மேல், எட்டுமட்டும் உயர்த்திப் பிடித்தான்.

ஜராஃபா எழுந்தது. ஒரு காலை ஊன்றி, தடுமாறி, இன்னொன்றை ஊன்றி, கழுத்தை மேலே கொண்டுபோனது. கருநீல நாக்கு ஒரு முழம் வெளியே வந்து முள்ளைச் சுற்றி வளைத்து இலையை உருவியது. மெல்லும் சத்தம் முற்றம் முழுதும் கேட்டது.

"முதல் வரி" என்றார் மானேஜர். என் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். "காலையில் ஊறவைத்த கொள்ளு."

யாரும் சிரிக்கவில்லை. சாலிம் என்னைப் பார்த்து ஓது என்று சைகை காட்டினான். அடுத்த வரியை ஓதினேன். கேட்டுவிட்டு, மூக்கையாவைப் பிடித்து இழுத்துத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, மேலே, மேலே என்று கையை உயர்த்தினான். நாலு பேர் சேர்ந்து அதை வண்டியின் மேல் ஏற்றினார்கள்.

"தண்ணீர் தரையில் தொட்டி வைத்து" என்று வாசித்தார் மானேஜர்.

அதற்கடுத்த வரியில் கருங்கல் தளத்தைக் காட்டி, கால் வழுக்குவது போல நடித்து, மணல் அள்ளிப் போடச் செய்தான். "வாரம் ஒருமுறை கல்லுப்பு." இன்னொரு வரியில் கொட்டகைக் கூரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நெற்றியில் அடித்துக்கொண்டான். அதற்கு மானேஜர் ஒன்றும் வாசிக்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு பக்கம் முடிந்தபோது எனக்குக் குரல் போய்விட்டது.

மகாராஜா எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

"கடுதாசில என்ன எழுதியிருக்குன்னு உமக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது மகாராஜா."

"முதக் கடுதாசி?"

"அதுவும் தெரியாது."

நாலு மாதம் நெஞ்சில் வைத்திருந்த சொல். வெளியே வர ஒரு மூச்சுகூட ஆகவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட லேசாக இருந்தது. அவர் திரும்பி, விலங்கு மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது செத்திருந்தா உம்மைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்" என்றார். "இன்னையோட முன்ஷி உத்தியோகம் இல்ல. மிச்சம் ரெண்டு பக்கம் இருக்குல்ல, அது முடியிற மட்டும் தினம் வந்து ஓதிட்டுப் போகணும். அப்புறம் உம்ம ஊரைப் பாத்துப் போம்."

திரும்பி வரும்போது சாலிமிடம் போனேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அரபி தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் விலங்கைக் காட்டி, "ஜராஃபா" என்றான், நான் சொல்ல வேண்டும் என்பது போல. ஜராஃபா என்றேன். அந்தச் சொல்லை எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னது இதுதான் முதல் தடவை.

மஃரிபு தொழப் போனபோது பள்ளிவாசல் முன்னால் பிறை தெரிந்தது.

மார்ச் 9, வெள்ளி

முதல் நோன்பு. மூன்றாம் பக்கம் ஓதினேன். கொட்டகைக் கூரையைப் பிரிக்கிறார்கள். மூக்கையா என்னோடு பேசவில்லை, ஆனால் உட்காரப் பலகை எடுத்துப் போட்டான். இன்று தெரிந்துகொண்டவை: முள், இலை, தண்ணீர், கயிறு, மரம். சாலிம் தொட்டுக் காட்டுகிறான், நான் அவனுக்குத் தமிழில் சொல்கிறேன். 'கயிறு' அவனுக்கு வாயில் வரவே இல்லை.

மார்ச் 11, ஞாயிறு

நாலாம் பக்கமும் முடிந்தது. கடைசி இரண்டு வரியில் விலங்கைப் பற்றி எதுவும் இல்லை போலிருக்கிறது. சாலிம் எழுந்து ஓடவில்லை, எதையும் காட்டவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவன் தலையைக் குனிந்தான். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை ஏந்தி ஆமீன் என்றான். நானும் ஆமீன் என்றேன். ஜராஃபா எங்கள் தலைக்கு மேலே தின்றுகொண்டிருந்தது.

மானேஜர் வாசல்வரை வந்தார். என் கையெழுத்துள்ள காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதை நான் வச்சுக்கிட்டு என்ன செய்ய" என்றார். அரண்மனை வீட்டைப் நோன்புப் பெருநாள் கழிந்து காலி செய்தால் போதுமாம். கீழக்கரையில் பழைய மதரஸாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். முதலில் ஆலிம் வீட்டுக்குப் போய் அவர் காலடியில் உட்கார வேண்டும். முப்பத்தைந்து வயதில் அலிஃபிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது ஜெய்னம்புவிடம் எல்லாம் சொன்னேன். இனி அவள் திருட்டுத்தனமாகப் படிக்க வேண்டாம் அல்லவா. கடைசி வரியைக் கேட்டு அந்த மனிதன் அழுததையும், இருவரும் ஆமீன் சொன்னதையும் சொன்னேன்.

"எதுக்கு ஆமீன் சொன்னீங்க?" என்றாள்.

"தெரியாது. நாளைக்கு நோன்பு திறக்கச் சாலிமை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். கேட்டுச் சொல்றேன்."

அவள் எழுந்து போய் நாளைக்கு இன்னொரு ஆளுக்கும் சேர்த்து அரிசி ஊறப்போட்டாள்.